குற்றவாளிப் பதிவேடும் கைப்பேசிச் செயலியும்: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

வேலைக்கு ஓட்டுநர் வேண்டும். வீட்டை வாடகைக்கு விட வேண்டும். மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி விசாரிக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பு நாலு பேரிடம் கேட்போம். அந்த ஊர் ஜமாஅத்தில் விசாரிப்போம். இப்போது ஒருவருடைய பெயரையும் ஊரையும் தட்டினால் அவர்மீது எங்கே என்ன வழக்கு இருக்கிறது என்று காட்டுகிறோம் எனச் சொல்லும் செயலிகளும் இணையச் சேவைகளும் வந்துவிட்டன. கட்டணம் கட்டினால் சில நிமிடங்களில் அறிக்கை கைக்கு வந்துவிடுகிறது.

லாரி, ரிக் வண்டி, விசைத்தறி, பருத்தி ஏலம் என்று வெளியூர் ஆட்கள் வந்து போகும் நமது மல்லசமுத்திரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் இப்படிப்பட்ட சேவைக்குத் தேவை இருக்கத்தான் செய்கிறது. முன்பின் தெரியாதவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் முதலாளிக்குப் பயம் இருப்பது நியாயமே. ஆனால் அந்த அறிக்கையில் இருப்பது உண்மையா, அதை விற்க அந்த நிறுவனத்துக்கு உரிமை உண்டா, அதை நம்பி ஒருவருக்கு வேலை மறுப்பது சரியா என்பவை தனித்தனிக் கேள்விகள். மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தியாவில் பதிவேடு யாருக்குத் திறந்திருக்கிறது?

பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தை மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. தொடங்கும்போதே அதில் சுமார் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. தண்டனை பெற்றவரின் பெயர், முகவரி, புகைப்படம், கைரேகை போன்ற விவரங்கள் அதில் உண்டு.

ஆனால் அது பொதுமக்கள் பார்க்கும் பட்டியல் அன்று. காவல்துறை, புலனாய்வு அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். எனவே “அரசின் பாலியல் குற்றவாளிப் பட்டியல் எங்கள் செயலியில் இருக்கிறது” என்று இந்தியாவில் ஒரு நிறுவனம் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டும், அல்லது திருட்டுத் தகவலாக இருக்க வேண்டும்.

காவல் நிலையங்களில் உள்ள ரவுடிப் பட்டியல், அதாவது ஹிஸ்டரி ஷீட், அதுவும் இப்படித்தான். அது காவல்துறையின் உள் ஆவணமே தவிர பொதுமக்கள் பார்வைக்கு உரியது அன்று என்று 2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சமூகத்தின் விளிம்பில் வாழும் மக்களின் பெயர்கள் முன்முடிவோடு இத்தகைய பட்டியல்களில் ஏறிவிடக் கூடாது என்றும் எச்சரித்தது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பிறப்பிலேயே குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்கள் வாழும் நாட்டில் இது சாதாரண எச்சரிக்கை அன்று.

அப்படியானால் தகவல் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, முதல் தகவல் அறிக்கை எனப்படும் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், குழந்தைகளுக்கு எதிரான குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தன்மீது என்ன புகார் இருக்கிறது என்பதை உடனே அறிந்து சட்ட உதவி பெற வேண்டும் என்பதே அந்த உத்தரவின் நோக்கம். ஊரார் அவரை எடைபோடுவதற்காக அது பிறப்பிக்கப்படவில்லை.

இரண்டாவது வழி, நீதிமன்ற இணையதளங்களில் உள்ள வழக்கு விவரங்களும் தீர்ப்புகளும்.

இங்கே ஒன்றை மனதில் பதித்துக்கொள்வோம். எஃப்.ஐ.ஆர். என்பது வெறும் புகார். விசாரணையில் அது பொய் என்று தெரியலாம், வழக்கு ரத்தாகலாம், விடுதலை கிடைக்கலாம். கொரோனா ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் சுமார் 10 லட்சம் வழக்குகள் பதிவாயின. மருந்து வாங்கப் போனவரும் அதில் இருந்தார். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர்கள்மீதும் வழக்குகள் பாய்ந்தன. வன்முறை போன்ற சில வகைகள் நீங்கலாக இந்த வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. அரசே கைவிட்ட வழக்கு, அதற்கு முன்பே நகலெடுத்து வைத்த ஒரு தனியார் நிறுவனத்தின் கணினியில் இன்னும் “குற்றப் பின்னணி” என்று உட்கார்ந்திருக்கலாம். போராட்டத்தில் நின்ற நம் வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போனால் காரணம் என்னவென்று யாரும் அவனிடம் சொல்லப்போவதில்லை.

பட்டியலைத் திறந்து வைத்த நாட்டில் நடந்தது

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1994-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி, பக்கத்தில் குடியிருந்த பழைய குற்றவாளியால் கொல்லப்பட்டாள். அந்தக் கொடுமைக்குப் பின் அவள் பெயரால் ‘மேகன் சட்டம்’ வந்தது. பாலியல் குற்றவாளிகளின் பெயர், படம், முகவரி ஆகியவை பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப்பட்டன.

ஆனால் பார்க்கத் திறந்து வைத்தவர்களும் பயன்படுத்த வரம்பு போட்டார்கள். கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி, ஆபத்தில் இருக்கும் ஒருவரைப் பாதுகாக்க அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம். காப்பீடு, கடன், வேலை, கல்வி, வீடு போன்றவற்றை மறுக்க அதைப் பயன்படுத்துவது, சட்டம் சொல்லும் விதிவிலக்குகள் தவிர, தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் பாதிக்கப்பட்டவர் தமக்கு ஏற்பட்ட நட்டத்தைப்போல் மூன்று மடங்குவரை இழப்பீடு கேட்கலாம். 25,000 டாலர்வரை சிவில் அபராதமும் உண்டு.

செயலி நடத்துபவர்களுக்கு இன்னொரு கோடும் இருக்கிறது. குற்றப் பதிவுகளைத் தேடித் தரும் கைப்பேசிச் செயலிகளை 99 சென்ட்டுக்கு விற்ற ஒரு நிறுவனத்தின்மீது 2013 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. “இதை வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்தாதீர்கள்” என்று அந்த நிறுவனம் ஓரத்தில் எழுதி வைத்திருந்தது. விளம்பரத்திலோ வேலைக்கு ஆள் எடுப்பவர்களைத்தான் கூப்பிட்டது. ஓரத்தில் எழுதி வைப்பதால் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று ஆணையம் கூறியது. ஒருவரின் வாழ்க்கையைப் பாதிக்கும் அறிக்கையை விற்பவர், தகவல் துல்லியமானதா என்று பார்க்க வேண்டும், வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்றும் பார்க்க வேண்டும் என்பதே அந்நாட்டுச் சட்டத்தின் நிலை.

வரம்பைச் சட்டம் போட்டாலும் கைகள் கேட்பதில்லை. 2006 ஏப்ரலில் மெய்ன் மாநிலத்தில், அரசு இணையதளத்தில் முகவரி தேடிச் சென்ற ஓர் இளைஞன் இருவரைச் சுட்டுக் கொன்றான். கொல்லப்பட்டவர்களில் ஒருவர், 19 வயதில், 16 வயது நிறையச் சில வாரங்களே இருந்த தன் காதலியோடு உறவு கொண்டதற்காகப் பட்டியலில் ஏறியவர். அந்த உறவை மார்க்கம் அனுமதிக்காது. ஆனால் சிறு பிள்ளைகளை வேட்டையாடுபவனும் அவரும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். துப்பாக்கியோடு வந்தவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கதவைத் திறக்கவே இல்லை. அங்கே குற்றத் தீர்ப்புகளின் முழுமையான பதிவேட்டை அரசு அதிகாரத்தின் கட்டுப்பாட்டில் மட்டுமே வைத்திருக்க முடியும்.

நமது நாட்டுச் சட்டம் போடும் கோடுகள்

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் பல சட்டங்கள் சேர்ந்து வேலி போடுகின்றன.

முதலாவது, பாதிக்கப்பட்டவரின் அடையாளம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் யாரென்று தெரியும்படி எதை வெளியிட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள்வரை சிறை. குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். இதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. குற்றவாளி பெரும்பாலும் அக்குழந்தைக்குத் தெரிந்தவனாகத்தான் இருக்கிறான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வீட்டுக்குள் இருந்தவனின் பெயரையும் தெருவையும் வரைபடத்தில் குறித்தால், அந்த வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துத்தான் குறிக்கிறோம்.

இரண்டாவது, சிறார். 18 வயது நிரம்பாதவர் குற்றத்தில் சிக்கினால் அவரை அடையாளம் காட்டக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சில கொடுங்குற்றங்கள் தவிர, அவருடைய பதிவையே காலக்கெடுவுக்குப் பின் அழிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு.

மூன்றாவது, அவதூறு. “உண்மையைத்தானே சொன்னேன்” என்பது குற்றவியல் அவதூறு வழக்கில் மட்டும் போதாது. அந்த உண்மையைச் சொல்வது பொதுநன்மைக்குத் தேவையாக இருந்தது என்றும் காட்ட வேண்டும். விடுதலையான ஒருவரைக் குற்றவாளி என்று செயலியில் காட்டினால் அது உண்மையும் அன்று, பொதுநன்மையும் அன்று. அந்தத் திரைப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பரப்பியவரும் அதே வழக்கில் நிற்க நேரலாம்.

வேலியில் உள்ள ஓட்டை

1994-ல் நக்கீரன் இதழ் தொடர்பான ஆட்டோ சங்கர் வழக்கில், பொது ஆவணத்தில் ஏறிய விஷயத்தில் அந்தரங்க உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் பெயருக்கு மட்டும் விலக்கு அளித்தது. அது பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்த தீர்ப்பு. கோடிக்கணக்கான ஆவணங்களை நொடியில் தேடி விற்கும் காலம் அப்போது வரவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் வழியே 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படும் தரவு துல்லியமாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும், திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்றெல்லாம் அச்சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம்.

ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சட்டக் கடமையின்படி பொதுவெளியில் வைக்கப்பட்ட தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. நீதிமன்ற ஆவணத்தை அள்ளி விற்பவர் இந்த வாசலில்தான் ஒதுங்கப் பார்ப்பார். இருப்பினும் அந்த ஆவணத்தோடு ஒருவருடைய கைப்பேசி எண்ணையும் வேறெங்கோ எடுத்த படத்தையும் ஒட்டினால், அந்தக் கூடுதல் தகவலுக்கு இந்த விலக்கு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

விடுதலையானவரின் நிலை என்ன? சென்னை உயர் நீதிமன்றத்தில் இது நடந்தே இருக்கிறது. குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை மறைக்கக் கேட்டார். சட்டம் வரட்டும் என்று சொல்லி 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரி 27 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, இந்தியன் கானூன் இணையதளம் அந்தத் தீர்ப்பை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்புகள் பொதுச் சொத்து அல்லவா என்ற கேள்வியோடு அந்த வலைத்தளம் மேல்முறையீடு செய்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. தீர்ப்புகளை மறைத்தால் நீதிமன்றத்தைக் கேள்வி கேட்க முடியாது. மறைக்காவிட்டால் விடுதலையானவர் விடுதலையாவதே இல்லை. தீர்ப்பை முழுமையாக வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மறைப்பது இரண்டுக்கும் நடுவிலான வழி என்றே நமக்குத் தோன்றுகிறது.

பெயர் ஒன்று, ஆள் வேறு

நம் சமுதாயத்துக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. முஹம்மது இப்ராஹீம், அப்துல் ரஹ்மான், சாகுல் ஹமீது என்று ஒரே பெயரில் ஒரே மாவட்டத்தில் எத்தனை பேர்! குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து ஒன்றுதான். அதையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பெயரை மட்டும் ஒப்பிடும் கணினி யாரை யார் தலையில் கட்டும்?

அமெரிக்காவில் டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனம், முதற்பெயரும் கடைசிப் பெயரும் ஒத்துப்போனாலே ஒருவரை அரசின் பயங்கரவாதத் தடைப் பட்டியலோடு பொருத்திக் காட்டியது. இதனால் 8,185 பேர் சார்பில் வழக்கு வந்தது. தவறான எச்சரிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேருக்கே வழக்காட உரிமை உண்டு என்று 2021 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. கார் வாங்கப் போனவர் பயங்கரவாதி என்ற சந்தேகத்தோடு திரும்பியதுதான் அந்த வழக்கின் தொடக்கம்.

நம் ஊரில் பட்டியல்கூடத் தேவைப்படவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. வெறும் வாட்ஸ்அப் வதந்தியே இதைச் செய்யும் என்றால், பெயரும் படமும் முகவரியும் போட்ட செயலி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

மார்க்கம் சொல்லும் அளவு

செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும், பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயக் கூடாது, புறம் பேசக் கூடாது என்ற மூன்றையும் சூரா அல்ஹுஜுராத் ஒரே இடத்தில் நமக்குக் கற்றுத் தருகிறது. அப்படியானால் யாரைப் பற்றியும் எதையும் விசாரிக்கவே கூடாதா? அப்படியில்லை.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தமக்கு வந்த இரண்டு வரன்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஒருவருடைய வறுமையையும் மற்றவருடைய கடுமையையும் மறைக்காமல் சொன்னார்கள். இதை வைத்தே, தேவையுள்ளவர் கேட்டால் தேவையான அளவு சொல்வது புறம் ஆகாது என்று இமாம்கள் விளக்கினார்கள். கேட்டவருக்கு மட்டும், கேட்ட காரணத்துக்காக மட்டும், தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். இன்றைய தரவுச் சட்டங்கள் “நோக்க வரம்பு” என்று பேசுவதும் இதைத்தான்.

மது அருந்தித் தண்டனை பெற்றவரைச் சிலர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும் நாம் அறிவோம். தண்டனை முடிந்த பிறகு தண்டிக்கும் வேலை நம்முடையது அன்று.

பிள்ளைகள் விஷயத்தில் சரியான வாசல்

இதையெல்லாம் படித்துவிட்டு “அப்படியானால் யாரையும் சோதிக்க வேண்டாம்” என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. நமது மக்தப், மதரஸா, பள்ளிக்கூடங்களில் உஸ்தாதையோ வாட்ச்மேனையோ தெரிந்தவர் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இது ஆபத்து. பிள்ளைகள் தங்கும், அல்லது பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர் அனைவரையும், ஒப்பந்த ஊழியர் உட்பட, குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறை சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. இதைச் செய்வது உஸ்தாதை அவமதிப்பது ஆகாது. அமானிதமாக வந்த பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை அது.

அதற்கு வாசல் செயலி அன்று, காவல்துறைதான். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தனிநபர், வேலை, வாடகைதாரர், வீட்டுப் பணியாளர் ஆகிய சரிபார்ப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்தே, அவருடைய அடையாள ஆவணங்களோடு நடப்பதால் பெயர்க் குழப்பத்துக்கு இடம் குறைவு.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: யாராவது செயலி அறிக்கையைக் காட்டினால், அது எஃப்.ஐ.ஆரா, குற்றப்பத்திரிகையா, தீர்ப்பா என்று முதலில் கேளுங்கள். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் இன்றைய நிலையைப் பார்த்துவிடலாம். தந்தை பெயர், வயது, முகவரி பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

இரண்டு: வேலையோ வரனோ மறுப்பதற்கு முன், சம்பந்தப்பட்டவரிடம் நேரில் கேளுங்கள். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பு தருவது குறைந்தபட்ச நியாயம்.

மூன்று: திரைப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். பள்ளிவாசல் குழுவாக இருந்தாலும் சரி.

நான்கு: உங்கள் பெயர் தவறாக வந்திருந்தால், விடுதலைத் தீர்ப்பின் நகலை இணைத்து அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். வசதியில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். 15100 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

ஐந்து: குழந்தைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் செயலியில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 1098-ஐ அழையுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். ஜமாஅத்தின் மானம் போய்விடும் என்று மூடி மறைப்பதும் அதில் அடங்கும்.

நம் பிள்ளைகளையும் பாதுகாக்க வேண்டும், திருந்தி வாழ வருபவனின் கதவையும் அடைத்துவிடக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்யும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக!